தற்காலிகக் கூரை

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வரி நன்றாகத் தெரியும். ‘இது தற்காலிகம், அப்புறம் மாத்தணும்’ என்று கோடுக்கு நடுவே எழுதிவைக்கும் கமென்ட். எழுதியவர் வேலையை விட்டுப் போய், அவருக்கு அடுத்து வந்தவரும் போன பிறகும் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். டோக்கியோ ரயில் நிலையத்தின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அங்கே தற்காலிகம் அறுபது வருடம் நின்றது.

நிலையத்தின் மேற்குப் பக்கம், அரண்மனையைப் பார்த்தபடி இருக்கும் செங்கல் கட்டடத்தைத்தான் சொல்கிறேன். தத்சுனோ கிங்கோ வடிவமைத்தது. 1914 டிசம்பரில் திறந்தார்கள். கிட்டத்தட்ட 335 மீட்டர் நீளம், மூன்று மாடி, வடக்கிலும் தெற்கிலும் ஒவ்வொரு குவிமாடம். வெளியே செங்கல் என்றாலும் உள்ளே எஃகுச் சட்டகம். 1923 பூகம்பத்தில் டோக்கியோவின் பெரும்பகுதி அழிந்தபோதும் இது பெரிய சேதமில்லாமல் நின்றது. நெருப்பிடம் தப்பவில்லை. 1945 மே 25 இரவு அமெரிக்க விமானங்கள் போட்ட தீக்குண்டுகளில் கூரையும் குவிமாடங்களும் எரிந்துபோயின. மூன்றாவது மாடி உருப்படாமல் போனது.

சில மாதங்களில் போர் முடிந்தது. தோற்ற நாடு. மரம் இல்லை, இரும்பு இல்லை, ஆனால் ரயில் ஓடியாக வேண்டும். மூன்றாவது மாடியை எடுத்துவிட்டு இரண்டு மாடிக் கட்டடமாக்கினார்கள். வட்டக் குவிமாடங்கள் இருந்த இடத்தில் எட்டு மூலைக் கூம்புக் கூரைகளை வைத்தார்கள். 1947இல் வேலை முடிந்தது. சில வருடம் தாங்கினால் போதும் என்பதுதான் கணக்கு.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் ஒப்பேற்றவில்லை. கூரைக்கு உட்பக்கம் ஒரு விதானம் அமைத்தார்கள். அதற்கு டியூராலுமின் தகடு பயன்பட்டது. விமானம் செய்யும் உலோகம். இனி செய்வதற்கு விமானம் ஏது? அந்தத் தகட்டை வைத்து ரோம் நகரத்துப் பாந்தியன் கோயிலின் விதானம் மாதிரியே கட்டம் கட்டமாக அமைத்தார்கள். சும்மா தட்டையாக அடித்துவிட்டுப் போயிருந்தால் அந்த நேரத்தில் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

1980களின் கடைசியில், இதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்ற பேச்சு வந்தது. நகரத்தின் நடுவே அவ்வளவு விலையுள்ள மண்ணில் தாழ்வான கட்டடம் ஒன்று படுத்துக் கிடந்தால் வேறென்ன பேச்சு வரும்? நியூயார்க்கில் நடந்தது அதுதான். 1910இல் திறந்த பென்சில்வேனியா நிலையத்தின் தலைக்கு மேலிருந்த வானத்தை ரயில் கம்பெனி விற்றது. 1963இல் இடிக்கத் தொடங்கினார்கள். அரங்கமும் அலுவலகமும் மேலே எழும்ப, பயணிகள் பூமிக்கு அடியில் போனார்கள்.

டோக்கியோவும் வானத்தை விற்றது. ஆனால் தலைகீழாக. நிலையத்தின் மேல் சட்டப்படி எவ்வளவு உயரம் கட்டலாமோ, அதில் பயன்படுத்தாத பங்கை அக்கம்பக்கத்துக் கோபுரங்களுக்கு மாற்றிக்கொடுக்க விதி வந்தது. அவை இன்னும் உயர்ந்தன. நிலையம் தாழ்வாகவே இருந்தது. சீரமைப்புக்கான சுமார் 5,000 கோடி யென் அப்படித்தான் கிடைத்தது. ஒரே சரக்கு, ஒரு ஊரில் கட்டடத்தைக் கொன்றது, இன்னொரு ஊரில் காப்பாற்றியது. எழுதிய விதியில்தான் வித்தியாசம்.

2007இல் வேலை தொடங்கியது. ரயில்களை நிறுத்தவில்லை. அடியில் இருந்த ஆயிரக்கணக்கான பைன் மரத் தூண்களின் வேலையைப் புதிய அடித்தளத்துக்கு மாற்றி, மொத்தக் கட்டடத்தையும் 352 ரப்பர் தாங்கிகள் மேல் உட்காரவைத்தார்கள். ஓடுகிற சர்வரை அணைக்காமல் அடியில் இருப்பதை மாற்றுகிற வேலை என்றால் என்னவென்று தெரிந்ததால் சொல்கிறேன், படிக்கும்போதே வயிற்றைக் கலக்கியது. கூரையின் பழைய கற்பலகைகளைச் சீர்செய்ய இஷினோமாகிக்கு அனுப்பியிருந்தார்கள். 2011 மார்ச்சில் சுனாமி அந்த ஊரைச் சுருட்டியது. சேற்றிலிருந்து பலகைகளைப் பொறுக்கி, கழுவி, தேறியவற்றைக் கூரையில் ஏற்றினார்கள். 2012 அக்டோபர் 1இல் மூன்று மாடியும் வட்டக் குவிமாடமுமாக நிலையம் திறந்தது.

எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கு ஒரு உறுத்தல். தத்சுனோவின் குவிமாடம் முழுசாக நின்றது முப்பது வருடம். ‘தற்காலிக’ கூரை நின்றது அதுபோல இரண்டு மடங்கு. தோல்விக்குப் பிந்தைய பசி, 1964இல் வந்த முதல் புல்லட் ரயில், வேலை தேடி வந்திறங்கிய கிராமத்துப் பிள்ளைகள், எல்லாம் அதன் காலத்தில்தான். அவர்களுக்கு டோக்கியோ நிலையம் என்றால் கூம்புக் கூரைதான். 1914க்குத் திரும்பும்போது, போரே நடக்காத மாதிரி ஒரு முகம் கட்டடத்துக்கு வந்துவிடுகிறது. அந்த இரண்டு மாடியையே வைத்திருக்கலாம் என்று அங்கேயும் சிலர் வாதாடியிருக்கிறார்கள். நான் அவர்கள் பக்கம்தான் சாய்கிறேன், குவிமாடம் அழகு என்று ஒத்துக்கொண்டே.

குவிமாடத்தின் கீழே போகிற கூட்டம் அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கிறது. மேலே கழுகுச் சிற்பங்கள் இருக்கின்றன. தரையில் வட்டமாக ஒரு கட்டக் கோலம் விரிந்திருக்கிறது. அதைப் பெட்டிகளின் சக்கரங்கள் உருட்டிக்கொண்டு போகின்றன. டியூராலுமின் விதானத்தில் இருந்த அதே வடிவம் அது. மேலே இருந்ததைக் கழற்றியவர்கள், அதைக் கீழே வரைந்து வைத்திருக்கிறார்கள்.