பொற்கோட்டையின் தண்ணீர்க் கணக்கு

தார் பாலைவனத்தின் நடுவே ஜெய்சல்மேர் நகரை 1156இல் நிறுவியவர் பட்டி ராஜபுத்திர மன்னர் ராவல் ஜெய்சல். பழைய தலைநகரான லோதுர்வா காவலுக்குத் தோதான இடமில்லை. அருகிலிருந்த திரிகூடக் குன்றில் மஞ்சள் மணற்கல்லால் கோட்டை எழுப்பினார். இன்று அதற்கு 99 கொத்தளங்கள். மாலை வெயிலில் அது பொன்னாக மின்னுவதைச் சுற்றுலா ஏடுகள் போதுமான அளவு எழுதிவிட்டன. சத்யஜித் ராய் 1974இல் 'சோனார் கெல்லா' (பொற்கோட்டை) என்று படமே எடுத்துவிட்டார். எனக்கோ இந்நகரின் வரலாறு தண்ணீர்க் கணக்காகவே தெரிகிறது.

ஆண்டு முழுவதும் பெய்தாலும் சராசரியாக 200 மில்லிமீட்டர் அளவிலேயே நிற்கும் மழை. அதைக் கொண்டே நகரம் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது. 14ஆம் நூற்றாண்டில் மகாராவல் கட்ஸி சிங் சீரமைத்த கடீசர் ஏரிதான் குடிநீர். இன்று படகுவிடும் இடமாகிவிட்ட அதன் கரையில் தீலோன் என்ற கணிகை கட்டிய வாயில் நிற்கிறது. அரசகுலத்தார் இடித்துவிடுவார்கள் என்றஞ்சி உச்சியில் கண்ணன் கோயிலை வைத்துவிட்டாளாம், கதையானாலும் சாமர்த்தியம்தான். சுற்றுப்புறக் கிராமங்களில் பாலிவால் பிராமணர்கள் பயன்படுத்திய 'கடீன்' முறை இன்னும் வியப்பானது. பாறைமேட்டிலிருந்து வழியும் மழைநீரைத் தாழ்நிலத்தில் மண்கரையிட்டுத் தேக்குவார்கள். நீர் ஊறி வற்றியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். அவர்கள் கைவிட்டுப்போன குல்தராவைப் பேய்க் கிராமம் என்று காட்டிப் பணம் பண்ணுகிறார்கள். அங்கே பார்க்கவேண்டியது அந்த வேளாண்மையை.

செல்வம் ஒட்டகச் சாத்துகளோடு சிந்துப் பக்கமிருந்து வந்தது. பட்வா வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐந்து மாளிகைகளில் கல்லைச் சன்னல் வலையாக இழைத்திருக்கிறார்கள். நத்மல் மாளிகையின் இடப்பாதியும் வலப்பாதியும் அண்ணன் தம்பி இருவர் தனித்தனியே செதுக்கியவை என்பார்கள். உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். பம்பாய்த் துறைமுகம் வளர்ந்ததும் பாலைவழி வணிகம் தேய்ந்தது. 1947இல் எல்லை விழுந்ததும் அறவே நின்றது.

கோட்டைக்குள் சமணக் கோயில்களை ஒட்டி ஜினபத்திரசூரி ஏட்டுக்காப்பகம் உள்ளது. தாளிப்பனை முளைக்காத மண்ணில் 11ஆம் நூற்றாண்டு ஓலைச்சுவடி வரை அழியாமல் கிடைத்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் முனி புண்ணியவிஜயர் அவற்றை ஒழுங்குபடுத்தி அட்டவணையிட்டார். ஏடுகளைக் காத்ததில் வறண்ட காற்றுக்கும் பங்குண்டு.

அந்த வறட்சியை நம்பித்தான் கோட்டையும் கட்டப்பட்டது. சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர். அடியில் நீர்பட்டால் இளகும் மண். ஏரியிலிருந்து குடத்தில் சுமந்தவரை யாரும் நீரை வீணாக்கவில்லை. குழாய் வந்தது, பிறகு விடுதிகளும் குளியலறைகளும் வந்தன. கழிவுநீர் அடித்தளத்தில் இறங்கியது. 1996இல் உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் கோட்டையைச் சேர்த்தது. 2013இல் ராஜஸ்தானின் பிற மலைக்கோட்டைகளோடு யுனெஸ்கோ உலக மரபுச்சின்னமாக ஏற்றது. 2024 ஆகஸ்டு மழையில் மதிலின் ஒரு பகுதி சரிந்தது.

மக்கள் குடியிருக்கும் கோட்டை என்பதால் எல்லாரையும் வெளியேற்றச் சொல்வது எளிதன்று, நியாயமுமன்று. போகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு: அறையைக் கோட்டைக்குக் கீழேயுள்ள ஊரில் எடுத்துக்கொள்ளலாம். சாம் மணற்குன்றுகளில் ஒட்டகச் சவாரி எப்போதும் கிடைக்கும். பாலைவனத் தேசியப் பூங்காவுக்கு ஒரு விடியற்காலையை ஒதுக்குங்கள். தமிழகத்தில் அற்றுப்போன கானமயில் அங்கே இன்னும் இருக்கிறது.