சுல்தான் எழுதிவைத்த பூனைத் தோட்டம்

எங்கள் மாடிப்படிக்கு அடியில் ஒரு தெருப்பூனை குட்டி போட்டு மூன்று வாரம் ஆகிறது. நான்கு குட்டிகள். மீன்காரம்மா கொடுக்கும் மீன் தலையை வேகவைத்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து தாய்க்கு வைப்பது இப்போது என் வேலை. போன வாரம் வீட்டுக்காரம்மா கேட்டாள்: "நமக்கப்புறம் இதுங்களை யார் பார்ப்பாங்க? ஒரு கட்டளை எழுதி வெச்சுட்டுப் போங்களேன்."

கேலிதான். ஆனால் அப்படி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார், எகிப்தில்.

மம்லூக் சுல்தான் பைபர்ஸ், 1260 முதல் 1277 வரை கெய்ரோவில் ஆண்டவர். சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, படைவீரனாகி, அரியணை வரை போனவர். ஐன் ஜாலூத்தில் மங்கோலியரை முறியடித்த தளபதிகளில் ஒருவர். அதே ஆண்டு தன் சுல்தானைத் தீர்த்துக்கட்டிய கூட்டத்திலும் இருந்தவர்! இளகிய மனசுக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர்தான் கெய்ரோவின் வடபுறத்தில், தன் பெயரில் கட்டிய மசூதிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தோட்டத்தை ஆதரவற்ற பூனைகளுக்கென்று எழுதி வைத்தாராம். அதன் பெயரே 'பூனைத் தோட்டம்'.

வக்ஃபு என்றால் நம் கோயில் கட்டளை மாதிரிதான். சொத்தை விற்கக்கூடாது, வருமானத்தை மட்டும் சொன்ன காரியத்துக்குச் செலவழிக்கலாம்.

விஷயத்தை நமக்குச் சொல்பவர் எட்வர்ட் வில்லியம் லேன் என்ற ஆங்கிலேயர். கெய்ரோவில் தங்கி, எகிப்தியரின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1836-ல் வெளிவந்தது. அதற்குள் தோட்டத்தின் கதி என்ன? பொறுப்பில் இருந்தவர்கள் 'பாழாய்க் கிடக்கிறது, சீர்செய்யப் பெருஞ்செலவாகும்' என்று காரணம் காட்டி விற்றார்கள். வாங்கியவரும் விற்றார். இப்படியே பலமுறை கைமாறி, பூனைகளுக்கு மிஞ்சியது வருஷத்துக்கு 15 பியாஸ்டர் தரைவாடகை. முப்பது வருஷம் பதிவு அலுவலகத்தில் பத்திரம் புரட்டியவன் நான். அந்தக் காரணத்தைப் படித்தபோது சிரிப்புதான் வந்தது. எத்தனை பத்திரத்தில் பார்த்திருக்கிறேன்!

தருமச் சொத்துகளுக்கெல்லாம் காவலர் காஜி. ஆகவே முன்னால் இருந்தவர்கள் கோட்டைவிட்ட செலவு, பதவியில் இருக்கும் காஜியின் தலையில் விழுந்தது. பிற்பகலில் அவர் வீட்டுப் பெரிய முற்றத்துக்கு இறைச்சிக் கழிவைக் கொண்டுவந்து, பூனைகளைக் கூப்பிட்டுப் போடுவார்களாம். லேன் காலத்தில் அதுவும் அரைகுறையாகிவிட்டது.

ஊர்க்காரர்களோ நிறுத்தவில்லை. பூனை வேண்டாம் என்று தோன்றினால் காஜி வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். தோட்டம் போனது அவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, அங்கே பூனைக்குச் சோறு உண்டு என்பது தெரியும்.

அந்தக் காஜியின் கஷ்டம் நேற்று எனக்கு நன்றாகப் புரிந்தது. விடியற்காலையில் கேட்டருகே ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே கண் திறக்காத இரண்டு குட்டிகள். நம்ம வீட்டில் சோறு வைப்பது தெருவுக்கே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. "வந்துட்டாரு காஜியாரு" என்றாள் அவள். குட்டிகளைத் துணியில் சுற்றி, தாய்ப்பூனை சாப்பிட வந்த நேரம் பார்த்து மற்றவற்றோடு வைத்தேன். திரும்பி வந்து மோந்து பார்த்தது, சீறியது, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டது. ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

காலையில் டார்ச் அடித்து எண்ணினேன். ஆறும் ஒரே குவியலாக அதன் வயிற்றோரம் கிடந்தன.