கோப்பை ஏந்திய கிர்கே

ஹோமரின் 'ஒடிசி' காவியத்தில் பத்தாம் காண்டத்தில் வரும் மாயக்காரி கிர்கே, சூரியதேவன் ஹீலியோஸின் மகள். கொல்கிஸ் மன்னன் ஈயேட்டஸின் உடன்பிறந்தவள். மந்திரத்துக்குப் பேர்போன மெடியாவுக்கு அத்தை முறை. ஐயாயே தீவில் அவள் வீட்டைச் சுற்றி ஓநாய்களும் சிங்கங்களும் வாலைக் குழைத்துத் திரியும். உள்ளே தறியில் நெய்தபடி அவள் பாடிக்கொண்டிருப்பாள். காவிய நாயகன் ஒடிசியஸுடன் வந்த மாலுமிகளுக்குப் பாலாடைக்கட்டி, வாற்கோதுமை மாவு, தேன், மது கலந்த பானத்தில் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தாள், கோலால் தட்டினாள். பன்றிகளானார்கள். உடல்தான் மாறியது, அறிவு மனித அறிவாகவே நின்றது என்கிறார் ஹோமர்.

ஓவியனுக்குச் சிக்கல் இங்கேதான். பன்றியை வரைந்தால் பார்ப்பவருக்கு அது வெறும் பன்றி. உள்ளே ஒரு மனிதன் விழித்திருப்பதை எப்படிக் காட்டுவது?

பண்டைக் கிரேக்கக் கலைஞர்கள் இதற்கு எளிய வழி கண்டார்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த மதுக்கிண்ணம் ஒன்று உள்ளது. நடுவே ஆடையின்றி நிற்கும் கிர்கே கோப்பையைக் கலக்குகிறாள். சுற்றி நிற்பவர்களுக்கு மனித உடல், விலங்குத் தலை. ஹோமர் சொன்னது பன்றியை மட்டும். இங்கோ ஒருவனுக்குப் பன்றித் தலை, மற்றவர்களுக்கு வேறு வேறு தலைகள். மீறல்தான், ஆனால் பாதியில் நிற்கும் அந்த உருமாற்றமே அறிவு அழியாத அவலத்தைச் சொல்லிவிடுகிறது. விருந்தில் இதே கிண்ணத்தில் மது அருந்தியவர்கள் இந்தக் குறும்பைக் கவனிக்காமலா இருந்திருப்பார்கள்? நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள கி.மு. 440ஐ ஒட்டிய மட்கலத்தில், வாளோடு பாயும் ஒடிசியஸைக் கண்டு அவள் கோப்பையையும் கோலையும் நழுவவிட்டு ஓடுகிறாள். கிரேக்கத்தின் பியோஷியாப் பகுதியில், கபிரியான் கோயிலோடு தொடர்புடைய கலங்களில் கதை கேலிச்சித்திரமாகிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகக் கலத்தில் தொந்தியும் தொப்பையுமான உருவங்களுக்குப் பக்கத்தில் அவளுடைய தறி நிற்கிறது.

மறுமலர்ச்சிக் காலத்தில் பார்வை ஆண்களிடமிருந்து அவள்மேல் திரும்பியது. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ள டோசோ டோசியின் ஓவியத்தில் நாய், மான், பறவைகள் சூழ அமர்ந்திருக்கிறாள், பன்றியைக் காணோம். 1782இல் ஜார்ஜ் ரோம்னி, பின்னாளில் லேடி ஹாமில்டன் ஆன எம்மாவைக் கிர்கேயாக வரைந்தபோது, கதை வெறும் சாக்காகவே மிஞ்சியது.

பலர் மனத்தில் இன்று பதிந்திருக்கும் கிர்கே, ஜான் வில்லியம் வாட்டர்ஹவுஸ் 1891இல் தீட்டியவள். இங்கிலாந்தின் ஓல்டாம் கலைக்கூடத்தில் இருக்கிறாள். சிங்கக் கைப்பிடி கொண்ட அரியணையில் அமர்ந்து, ஒரு கையில் கோலும் மறு கையில் கோப்பையுமாக நேரே நம்மைப் பார்க்கிறாள். காலடியில் ஒரு பன்றி. பின்னாலுள்ள வட்டக் கண்ணாடியில் ஒடிசியஸ் தெரிகிறான், அதாவது அவன் நிற்கும் இடத்தில்தான் நாம் நிற்கிறோம். கோப்பை நீட்டப்படுவது நமக்கு! அடுத்த ஆண்டே அவர் வரைந்த, இப்போது அடிலெய்டில் உள்ள ஓவியம் ரோமானியக் கவிஞர் ஓவிட்டின் கதையைச் சேர்ந்தது: கடல்தேவன் கிளாக்கஸ் ஸ்கில்லாவை விரும்பித் தன்னை மறுத்த ஆத்திரத்தில், அவள் நீராடும் நீரில் கிர்கே பச்சை நஞ்சை ஊற்றுகிறாள்.

இந்த வரிசையில் எனக்கொரு குறை. ஹோமரின் கிர்கே பன்றிகளை முன்னிலும் இளமையும் அழகுமான ஆண்களாக மீட்டுத் தந்தவள், ஓராண்டு விருந்தோம்பியவள், பாதாள உலகுக்கு வழி சொல்லி, பாட்டால் மயக்கும் சைரன்களைப் பற்றியும் மாலுமிகளைப் பற்றித் தின்னும் அரக்கி ஸ்கில்லாவைப் பற்றியும் முன்னெச்சரித்தவள். அவள் சொல்லாமல் ஒடிசியஸ் வீடு சேர்ந்திருக்க மாட்டான். புகழ்பெற்ற ஓவியர்களோ கோப்பையையும் நஞ்சையும் விட்டு நகரவே இல்லை. வாட்டர்ஹவுஸின் தூரிகை எத்தனை வசீகரமானாலும், தறியை மறக்காத அந்தப் பியோஷியக் கைவினைஞனே ஹோமரைச் சரியாகக் கேட்டவன் என்பேன்.