தயார்நிலையும் நிறைவும்: லிப்யூவி தோன்றிய வரலாறு

ஒரே இழையில் இயங்கும் ஒரு சேவையகம் பல்லாயிரம் இணைப்புகளைக் கவனிக்க வேண்டுமானால், எந்த இணைப்பில் தரவு வந்துள்ளது என்பதை இயங்குதளம் அதற்கு அறிவித்தாக வேண்டும்; அவ்வறிவிப்புகளைப் பெற்று உரிய செயற்கூறுகளை அடுத்தடுத்து அழைக்கும் அமைப்பே நிகழ்வுச் சுழல் எனப்படும். 2009-இல் ரயன் டால் உருவாக்கிய நோட்.ஜேஎஸ் இச்சுழலைத் தானே எழுதிக்கொள்ளாமல், மார்க் லேமன் எழுதிய லிப்இவி என்னும் நிரல்நூலகத்தையும், கோப்பு வேலைகளுக்கு அவருடைய லிப்ஈஐஓ நூலகத்தையும் கொண்டு இயங்கியது.

யூனிக்ஸ் குடும்பத்துக்கு இந்த ஏற்பாடு நன்கு பொருந்தியது. லினக்ஸின் ஈபோல், பிஎஸ்டியின் கேகியூ ஆகிய இரண்டும் 'இந்த இணைப்பு படிப்பதற்குத் தயார்' என்று மட்டுமே சொல்லும். படிக்கும் வேலை நிரலுடையது. விண்டோஸ் என்டி 3.5 முதல் உள்ள ஐஓசிபியோ இதற்கு நேர்மாறானது: படிக்கும் வேலையை முன்கூட்டியே இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிட்டால், அது முடிந்தபின் செய்தி வரும். தயார்நிலையை அடிப்படையாகக் கொண்ட லிப்இவி, விண்டோஸில் பழைய செலக்ட் அழைப்பையே நம்பியிருந்தது. அங்கே அவ்வழைப்பின் இயல்பு வரம்பு 64 சாக்கெட்டுகளே. இதை லிப்இவியின் குறை என்பது நியாயமாகாது. அது யூனிக்ஸை மனத்தில் கொண்டு செம்மையாகக் கட்டப்பட்ட நூலகம்.

2011-இல் ஜாயன்ட் நிறுவனமும் மைக்ரோசாஃப்டும் நோட்.ஜேஎஸ்ஸை விண்டோஸுக்குக் கொண்டுசெல்ல இணைந்தபோது, டால், பெர்ட் பெல்டர், பென் நூர்ட்ஹவுஸ் முதலியோரின் உழைப்பில் லிப்யூவி என்னும் நிரல்நூலகம் உருவாயிற்று. இதன் பொது இடைமுகம் 'முடிந்தது' என்னும் விண்டோஸ் முறையைத் தழுவியதே இவ்வரலாற்றின் மிக நுட்பமான முடிவு எனலாம். ஏனெனில் தயார் என்ற செய்தி வந்ததும் நூலகமே படித்து முடித்து நிரலுக்கு அறிவிப்பது யூனிக்ஸில் எளிது, ஆனால் ஐஓசிபியின் மேல் தயார்நிலையைப் போலச்செய்வது கடினம். சாதாரணக் கோப்புகளை ஈபோலால் கண்காணிக்க இயலாது என்பதால், கோப்பு வேலைகள் இயல்பாக நான்கு இழைகள் கொண்ட ஒரு தொகுப்புக்கு ஒதுக்கப்பட்டன.

தொடக்கத்தில் லிப்யூவியின் யூனிக்ஸ் பகுதிக்குள் லிப்இவியே இருந்தது. 2011 நவம்பரில் வெளிவந்த நோட் 0.6 பதிப்பு விண்டோஸில் நேரடியாக இயங்கிய பின்னர், 2012-இல் லிப்இவியும் லிப்ஈஐஓவும் நீக்கப்பட்டு, ஈபோலையும் கேகியூவையும் லிப்யூவியே நேரடியாக அழைக்கத் தொடங்கியது. நோட்.ஜேஎஸ்ஸுக்காக எழுதப்பட்ட அந்நூலகத்தின் மீதே இன்று ஜூலியா மொழியும் நியோவிம் தொகுப்பானும் இயங்குகின்றன.