நொறிஸ் பிரிவின் கதை

ஒன்றுக்கு ஒருவர் பெயரை இடுவோர் நன்றிக்கடனைச் செலுத்துகின்றனர். அதனை நீக்குவோர் வசதியைக் கருதுகின்றனர். இவ்விரண்டுக்குமிடையே எழும் வழக்கினை வட அமெரிக்கப் பனித்தரை ஹொக்கியின் வரலாற்றிலே காணலாம்.

1974ஆம் ஆண்டிலே தேசிய ஹொக்கி லீக் தன் 18 கழகங்களை நான்கு பிரிவுகளாக வகுத்து, பற்றிக், அடம்ஸ், ஸ்மைத், நொறிஸ் என்னும் நால்வரின் பெயர்களைச் சூட்டிற்று. ஜேம்ஸ் நொறிஸ் என்பார் தானிய வணிகர். நலிந்து கிடந்த டிட்ரொயிற் கழகத்தை 1932இல் வாங்கி நிலைநிறுத்தியவர். ஆயின் புகழுக்கு மறுபக்கமும் உண்டு. அவர் குடும்பத்தினரின் செல்வாக்கு ஒரு கழகத்தோடு நிற்கவில்லை. 1957இல் வீரர்களுக்குச் சங்கம் அமைக்க முயன்ற ரெட் லின்ட்சே, டிட்ரொயிற்றிலிருந்து சிக்காகோவுக்கு மாற்றப்பட்டார். அப்போது அவ்விரு கழகங்களிலும் நொறிஸின் புதல்வர்களே அதிகாரம் செலுத்தினர்.

தொடக்கத்தில் நொறிஸ் பிரிவிலே மொன்றியலும், நெடுந்தொலைவிலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸும் ஒருங்கே இருந்தன. 1981இல் கழகங்கள் இட அண்மை நோக்கி மாற்றியமைக்கப்பட்டபோது சிக்காகோ, டிட்ரொயிற், மினசோட்டா, சென்ற் லூயிஸ், ரொறன்ரோ, வினிப்பெக் ஆகியன இதில் இடம்பெற்றன. அடுத்த ஆண்டே வினிப்பெக் விலக, ஐந்து எஞ்சின. அவற்றுள் நான்கு இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறலாம் என்பது விதி. எனவே 1987-88இல் 80 ஆட்டங்களில் 21இல் மட்டுமே வென்ற ரொறன்ரோவும் தகுதி பெற்றது. பலர் நகைத்தனர்.

ஆனால் எளியாரை இகழ்தல் தகாது என்பதை 1991 காட்டிற்று. வென்றவை 27, தோற்றவை 39 என நின்ற மினசோட்டா, லீக்கிலே முதலிடம் பெற்ற சிக்காகோவையும், இரண்டாமிடம் பெற்ற சென்ற் லூயிஸையும், முந்திய ஆண்டு வாகை சூடிய எட்மன்ரனையும் அடுத்தடுத்து வீழ்த்தி இறுதிப் போட்டியை எட்டியது. அங்கே பிற்ஸ்பேர்க்கிடம் ஆறு ஆட்டங்களில் தோற்றது.

1993இல் நால்வர் பெயர்களும் நீக்கப்பட்டன. நொறிஸ் பிரிவு 'மத்திய பிரிவு' ஆயிற்று. புதிய இரசிகர்க்குத் திசைப்பெயரே எளிதில் விளங்கும் என்பது காரணம். அது பொய்யன்று. எனினும், திசைப்பெயர் இடத்தை மட்டுமே காட்டும். ஆளின் பெயரோ, 'அவர் யார்? என்ன செய்தார்?' என்று வினாவத் தூண்டும். அவ்வினாவுக்கு விடையாக நன்மையோடு குறையும் வெளிப்படும். சிறந்த தடுப்பாட்ட வீரருக்கு நொறிஸ் பெயரால் விருது இன்றும் வழங்கப்படுகின்றது. அதனால் அவ்வினா முற்றாக மறையவில்லை.