சப்பிரகமுவத் தோட்டங்களும் இடுப்பு மூட்டுத் தேய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

பெருந்தோட்டத் தமிழரின் நோய் வரலாற்றை எழுதியோர் பெரிதும் கொள்ளை நோய்களையே கருத்திற் கொண்டனர். வாந்திபேதியும் அம்மையும் கொழுக்கிப்புழு நோயும் மலேரியாவும் ஆவணங்களில் இடம்பெற்ற அளவுக்கு, நடக்குந்தோறும் இடுப்பில் எழும் வலி இடம்பெற்றதில்லை. அது எவரையும் ஓரிரவிற் கொல்வதில்லை. ஆதலின் மரணப் பதிவேட்டில் அதற்கு வேலையில்லை. இடுப்பு மூட்டுத் தேய்வுக்கு இயன்மருத்துவம் ஏற்றதா, மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை ஏற்றதா என மருத்துவ உலகில் நெடுங்காலமாக ஒரு வாதம் நிகழ்கின்றது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் வைத்து நோக்குமிடத்து, அவ்வாதம் மருத்துவத்தை மட்டுமன்றித் தோட்ட வரலாற்றையும் சார்ந்ததென்பது புலனாகும்.

1876 இல் கியூ பூங்காவிலிருந்து இலங்கைக்கு அனுப்பப்பட்ட இறப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் களனிப் பள்ளத்தாக்கை நிறைத்தன. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, எகலியகொடைப் பகுதிகளில் இறப்பரும், இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளில் தேயிலையும் பெரிதும் பயிராயின. நுவரெலியாவிற் போலன்றி இத்தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பவை. பால்வெட்டுவோர் அதிகாலையிற் சரிவிலேறி, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, பின்னர் பால் வாளியைச் சுமந்து வழுக்கும் பாதையில் இறங்குவர். கொழுந்து பறிக்கும் பெண்கள் தலையில் மாட்டிய கூடையின் பாரத்தோடு ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழும் ஊன்றி நாள் முழுதும் நிற்பர். நெடுங்காலம் பாரந்தூக்கும் விவசாயிகளிடையே இடுப்பு மூட்டுத் தேய்வு மிகுதியென 1992 இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு காட்டிற்று. அம்முடிவை அவ்வாறே இங்கு பொருத்துதல் தகாது. தென்னாசியரிடையே இடுப்பிலும் முழங்காலே மிகுதியாகத் தேய்கின்றது. இடுப்பு கெடுமிடத்தும், தொடையெலும்புத் தலைக்குக் குருதி செல்லாமை, பழைய முறிவு ஆகியவை பல வேளைகளிற் காரணமாகின்றன. எனினும் தேய்ந்த மூட்டுக்குச் சமதரையும் மலைச்சரிவும் ஒன்றல்ல.

தோட்ட மருத்துவத்தின் தோற்றத்தை நோக்குதல் இங்கு அவசியமாகும். கோப்பிக் காலத்தில், 1872 இல், மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டம் பிறந்தது. 1912 இல் அது விரிவாக்கப்பட்டது. தொழிலாளர் இறப்பைக் குறைத்து, பிரட்டுக்களத்துக்கு வருவோர் தொகையைக் காப்பதே அச்சட்டங்களின் உள்நோக்கம் எனலாம். 1934–35 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளை நோய் கேகாலை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியபோது கொயினாவே மருத்துவத்தின் மறுபெயராயிற்று. காய்ச்சல் தணிந்தவர் சுகமடைந்தவர். நடக்க முடிந்தவர் வேலைக்குரியவர். 'பேர்' விழுந்ததா, 'அரைப்பேரா' என்பதே உடல்நலத்தின் அளவுகோலாயிற்று. நொண்டியவாறே நிரைக்குச் சென்றவரின் வலியை அவ்வளவுகோல் பதிவு செய்யவில்லை. 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் விபத்துக்கே சிறப்பாகப் பயன்பட்டது; முப்பது ஆண்டுகளாகத் தேய்ந்த மூட்டு எந்த நாளிற் கெட்டதென எவரால் நாட்காட்டியிற் காட்ட இயலும்?

ஆகவே வலியுற்றோர் எண்ணெயையும் பிடித்துவிடும் கையையும் நாடினர். அயற் சிங்களக் கிராமத்து முறிவு நெரிவு வைத்தியரிடம் செல்லும் வழக்கமும் உண்டு. இதனை அறியாமை எனத் தள்ளுவோர் ஒன்றை மறக்கின்றனர். இன்றைய இயன்மருத்துவத்தின் வேர்களுள் ஒன்றும் பிடித்துவிடுதலே. 1894 இல் இலண்டனிற் சில தாதியர் நிறுவிய உருவுநர் சங்கமே பிரித்தானிய இயன்மருத்துவச் சங்கமாக வளர்ந்தது.

சத்திரசிகிச்சையின் பாதை வேறு. 1891 இல் பேர்லினிற் குளூக் என்பார் யானைத் தந்தத்தாற் செயற்கை மூட்டுச் செய்தார். 1923 இல் அமெரிக்காவில் ஸ்மித்-பீற்றர்சன் கண்ணாடிக் கிண்ணத்தைப் பொருத்தினார், அது உடைந்தது. இங்கிலாந்தின் றைற்றிங்டன் வைத்தியசாலையில் ஜோன் சாண்லி முதலிற் பயன்படுத்திய டெவ்லோன் விரைவில் தேய்ந்தது. 1962 நவம்பரில் அவர் உலோகத் தலையையும் பொலிதீன் குழியையும் இணைத்து வெற்றி கண்டார். இன்று மாற்றப்படும் மூட்டுகளுட் பாதிக்கு மேற்பட்டவை இருபத்தைந்து ஆண்டுகள் நிலைக்குமென 2019 இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

சாண்லி வெற்றி கண்டு ஈராண்டு கழியுமுன், 1964 ஒக்டோபரில், சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1977 இலும் 1981 இலும் நிகழ்ந்த வன்செயல்கள் சப்பிரகமுவத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்களை வன்னிக்குத் துரத்தின. நாட்பட்ட நோய்க்கு ஒரே வைத்தியசாலையிற் பல ஆண்டுகள் தொடரும் சீட்டும், வீட்டிற் கைகொடுக்கும் உறவும் வேண்டும். இவ்விரண்டையுமே அக்காலம் சிதைத்தது.

இனி வாதத்துக்கு வருவோம். நோர்வேயில் தேய்வு முற்றாத 109 பேரிடம் நடந்த ஆய்வில், பயிற்சியும் அறிவுரையும் பெற்றோருள் நூற்றுக்கு 41 பேரும், அறிவுரை மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 25 பேரும் ஆறாண்டின் பின்னும் சத்திரசிகிச்சையின்றி இருந்தனர். 2014 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்விலோ, இயன்மருத்துவம் போலிச் சிகிச்சையிலும் மேலான பயனைத் தரவில்லை. 2024 இல் வெளியான டென்மார்க் ஆய்வு முற்றிய தேய்வுடையோரை எடுத்துக்கொண்டது. அங்கும் 109 பேரே. ஆறு மாதத்தின் பின் 48 புள்ளி கொண்ட ஒக்ஸ்போட் அளவீட்டிற் சத்திரசிகிச்சைப் பிரிவினர் சராசரி 15.9 புள்ளியும், தசைப்பயிற்சிப் பிரிவினர் 4.5 புள்ளியும் முன்னேறினர். பயிற்சிப் பிரிவினருள் ஐந்தில் ஒருவர் அதற்குள் மூட்டை மாற்றிக்கொண்டனர் என்பதும் கவனிக்கத்தக்கது.

இம்முடிவுகள் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றினும், நோயின் படிநிலையை நோக்கின் முரண் பெரிதும் நீங்கும். தேய்வு தொடங்கும்போது பயிற்சி காலத்தை நீட்டித் தரலாம். முற்றியபின் அது சத்திரசிகிச்சைக்கு ஈடாகாது. 'முதலிற் பயிற்சி, பின்னரே கத்தி' என்ற நெறி, வலி தொடங்கியதும் வைத்தியரிடம் செல்லக்கூடியவருக்காக எழுந்தது. தோட்டத் தொழிலாளி பேரை இழக்க அஞ்சிக் காலந்தாழ்த்தி வருபவர். அவரிடம் அந்நெறியைக் கூறுவது சிகிச்சையை மறுப்பதற்கு ஒப்பாகும்.

பயிற்சியும் எளிதிற் கிடைப்பதன்று. டென்மார்க்கில் வாரம் இருமுறை, பன்னிரண்டு வாரம், மேற்பார்வையுடன் அது நடந்தது. அதாவது 24 வருகைகள். தெரணியகலைத் தோட்டமொன்றிலிருந்து நகர வைத்தியசாலைக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் செல்லுமாயின், 24 பேர் நட்டமாகும். பஸ் கட்டணம் வேறு. சத்திரசிகிச்சையோ சில வார முழு ஓய்வைக் கேட்கும். குந்தியிருக்கலாகாது என்ற கட்டளையுடன் லயத்துக்குத் திரும்பும் பெண்ணை அங்கு எதிர்கொள்வன குந்தும் மலசலகூடமும் செங்குத்தான படிகளுமே. ஊழியர் சேமலாப நிதியைப் பெண் பெறுவது ஐம்பது வயதில். மூட்டு கணக்குக் கேட்கத் தொடங்குவதும் ஏறத்தாழ அவ்வயதிலேயே.

1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளை அரச சேவையுடன் இணைக்கும் பணியும் பின்னர் தொடங்கிற்று. இரத்தினபுரியிற் போதனா வைத்தியசாலையும் பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் இயன்மருத்துவப் பட்டநெறியும் இன்று உள்ளன. தசைப்பயிற்சிக்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஓர் அறையும், வாரமிருமுறை வரும் பயிற்றப்பட்ட ஒருவரும், அந்நேரத்தை வேலைநேரமாக ஏற்கும் ஒரு செக்ரோல் பதிவும் போதும். முதலிரண்டையும் சுகாதாரத் திணைக்களத்திடம் கேட்கலாம். மூன்றாவதைக் கம்பனிகளிடந்தான் கேட்க வேண்டும். அது இற்றைவரை எந்தச் சம்பளப் பேச்சுவார்த்தையிலும் முதன்மைக் கோரிக்கையாக எழவில்லை.