காலத்தைச் சேமித்தவரும் காலத்தைக் கவர்ந்தவரும்

1931ஆம் ஆண்டில் மன்னார்குடியைச் சுற்றியிருந்த ஊர்களுக்கு ஒரு மாட்டுவண்டி சென்றது. அது சுமந்து சென்றவை நூல்கள். நூலகத்தைத் தேடி வர இயலாத மக்களைத் தேடி நூலகமே சென்றது. எழுத்தறிந்தோர் அருகியிருந்த அந்நாளில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் சூழ்ந்தமர்ந்து கேட்பது ஊர் வழக்கம். நூல் ஒன்று, கேட்ட செவிகள் பல.

அதே ஆண்டில்தான் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் சீ. இரா. அரங்கநாதன், நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்து நூலாக வெளியிட்டார். சீர்காழிக்காரரான அவர், கணிதப் பேராசிரியர் பணியிலிருந்து 1924இல் நூலகரானவர். அவ்விதிகளுள் நான்காவது, வாசகரின் காலத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. தேடிய நூல் விரைவில் கைக்கு எட்ட வேண்டும் என்பதற்காகவே பகுப்பு முறைகளையும் பட்டியல்களையும் அமைக்க அவர் உழைத்தார். அவரது முயற்சியின் பயனாக 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. நூலக வரியால் ஊர்தோறும் நூலகங்கள் எழுந்தன.

இனி நம் நூற்றாண்டுக்கு வருவோம். 2004இல் முகநூல் தோன்றியது. 2006இல் அசா ராஸ்கின் என்பவர் முடிவில்லாமல் உருளும் திரையை வடிவமைத்தார். அதுவரை ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்தைக் காண விரலால் அழுத்த வேண்டியிருந்தது. அந்தச் சிறு இடைவெளியில், போதும் என எழுந்துவிடவும் இயன்றது. புதிய முறை அந்த இடைவெளியை அகற்றிவிட்டது. அதற்காக அவரே பின்னாளில் வருந்தினார். 2007இல் ஐபோன் வந்தது. திரை சட்டைப்பைக்குள் குடியேறியது. மக்களின் நேரத்தையும் கவனத்தையும் இயன்றவரை விழுங்குவது எப்படி என்பதே தொடக்கத்தில் தங்கள் சிந்தனையாக இருந்ததென, முகநூலின் முதல் தலைவர் ஷான் பார்க்கர் 2017இல் வெளிப்படையாகக் கூறினார். விளம்பர வருவாயில் வாழும் நிறுவனத்திற்கு நம் நேரமே விளைநிலம்.

ஒருவர் நம் காலத்தைச் சேமிக்க விதி செய்தார்; மற்றவர் அதைக் கவர வழி தேடினர். இவ்விரு நோக்கங்களுக்கும் இடையிலுள்ள தொலைவே, வாசிப்பும் உறவும் ஒருசேரத் தேய்வதன் காரணத்தை உணர்த்துகிறது.

நூலை வாசிப்பதற்கு, ஆசிரியர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமை வேண்டும். துயருற்ற அயலாரின் பேச்சைக் கேட்பதற்கும் அதே பொறுமைதான் வேண்டும். நொடிக்கொரு காட்சியைத் தள்ளிப் பழகிய விரலுக்கு இருநூறு பக்க நூல் சுமையாகிறது. அவ்வாறே, சொன்னதையே திரும்பச் சொல்லும் முதிய தாயின் பேச்சும் சுமையாகிறது.

கடல் கடந்து வாழும் மகனின் முகத்தைக் கைப்பேசி காட்டுகிறது. நல்ல நூல்களையும் அது தாங்கி வருகிறது. இந்நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஆயினும், அரங்கநாதனின் நான்காம் விதியை நாம் இக்கருவியின் முன் ஒரு கேள்வியாக வைக்கலாம்: இது என் காலத்தைச் சேமிக்கிறதா, கவர்கிறதா? சேமித்த காலத்தை யாருக்குக் கொடுக்கிறேன்?

இன்றிரவு உணவுக்குப்பின் இல்லத்தில் ஒருவர் ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும். அதற்குப் பத்து நிமிடம் போதும்.